மெழுகு காயட்டும்

6 செப்டம்பர் 1998, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டேன். நுரைக்கு ஒரு பக்கெட், அலச ஒரு பக்கெட். கூரையிலிருந்து கீழே வர வேண்டும். கீழேயிருந்து ஆரம்பித்தால் சேறு மேலே ஏறும். இது தெரியாமலே எத்தனை பேர் கார் வைத்திருக்கிறார்கள்! முடித்தபோது மணி ஒன்பது. எதிர்வீட்டுக் கோவிந்தப்பா பால் பாக்கெட்டோடு நின்று, "ஏன் சார், காரிகெ மதுவேனா?" என்றார். காருக்குக் கல்யாணமாம். நக்கல்.

மங்களம் காபியை மதில்மேல் வைத்துவிட்டு, ஜூலையில் லைசென்ஸ் வாங்கினேனே, வண்டியை எப்போது தொடலாம் என்று கேட்டாள். மல்லேஸ்வரத்திலிருந்து அடுகோடி ஆபீசுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். பாவம்தான். பாலிஷ் முடியட்டும் என்றேன்.

"போன மாசமும் இதையேதான் சொன்னேள்."

சொன்னேன்தான். பாலிஷ் முடியவில்லையே, நான் என்ன செய்ய?

9 செப்டம்பர்

பழைய வெந்தய நிறக் காட்டன் புடவையை வீடு முழுக்கத் தேடுகிறாள். அது என் பக்கெட்டில் கிடக்கிறது. துடைக்க அதைவிட மெத்தென்ற துணி இந்த ஊரிலேயே கிடையாது.

13 செப்டம்பர், ஞாயிறு

மழை. வண்டிக்குப் போர்வை போட்டு மூடினேன். மங்களம் கெடு வைத்துவிட்டாள். "ஒண்ணாம் தேதி விஜயதசமி. அன்னிக்கு நான் ஓட்டறேன். அதுக்குள்ள நீங்க மெழுகு போட்டாலும் சரி, பஞ்சாமிர்தம் அபிஷேகம் பண்ணினாலும் சரி."

நீ எடுத்தால் கீறல் விழும் என்றேன்.

எனக்கு ஏன் இந்த உதறல்? யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன். வண்டி வாங்கி நாலு வருஷம். மொத்தமாக முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியிருப்பேனா? சாங்கி ஏரி மேட்டில் ஒருநாள் வண்டி நின்று போய், பின்னோக்கி உருண்டு, பஸ்காரன் ஹார்ன் அடித்து, அவ்வளவு ஜனமும் பார்த்து... அன்றோடு சரி. அதற்கப்புறம் துடைப்பதுதான். பெயின்ட் கெட்டுவிடும், டிராஃபிக்கில் எடுப்பதில்லை என்று ஆபீசில் பீற்றிக்கொண்டு திரிகிறேன். இவள் ஜம்மென்று ஓட்டிக்கொண்டு போனால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்?

19 செப்டம்பர், சனி

அடுகோடியில் பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் நோயலிடம் போய் காம்பவுண்டும் மெழுகும் வாங்கினேன் (பஸ்ஸில்தான்). காம்பவுண்ட் என்றால் கறை எடுக்கும் பசை. டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, "அழுத்தாதீங்க சார். இது சுரண்டற சாமான், முகத்துக்குப் போடற க்ரீம் இல்ல. பானெட் ஓரத்துல பெயின்ட் மெல்லிசா இருக்கும்" என்றான். நாற்பத்தொன்பது வயதுக்காரனுக்குத் துடைக்கச் சொல்லித் தருகிறான்.

27 செப்டம்பர், ஞாயிறு

அழுத்திவிட்டேன்.

பானெட் ஓரத்தில் காக்கை எச்சத்தின் கறை. தேய்த்தேன், போகவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கறை போயிற்று. கூடவே மெரூன் கலரும் போயிற்று! சாம்பல் நிறத்தில் பல்லிளிக்கிறது, ஒரு ரூபாய் அளவுக்கு. ஐயோ, நாலு வருஷமாக வெயில் படாமல் வைத்திருந்த வண்டி. இவளிடம் என்னவென்று சொல்வேன்? கீறல் விழும் என்று சொன்ன வாயாலேயேவா?

பயத்தில் அந்த இடத்தைத் தொடவில்லை. மீதி வண்டி முழுக்க மெழுகு, இரண்டு தடவை. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். போர்வையையும் போட்டுவிட்டேன். மெழுகு காய வேண்டும், புதன் வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

29 செப்டம்பர்

வழி கிடைத்துவிட்டது! நாளை ஆயுத பூஜை. அந்த இடத்தின் மேல் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பூஜையில் வைத்த சந்தனத்தை எவன் துடைப்பான்? இரண்டு மாதம் ஓட்டலாம். மூளை இருக்கிறது எனக்கு.

30 செப்டம்பர், புதன்

மூளையும் இல்லை, ஒன்றும் இல்லை.

சந்தனத்தை நானே வைக்கிறேன் என்றேன். சாமி அறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் சொல்கிறானே என்று மங்களம் ஆச்சரியப்பட்டாள். தோசை அளவுக்கு அப்பினேன். வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கதவுகளில் அவள் வைத்த பொட்டெல்லாம் வழிந்து இறங்கியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தண்ணீரையே நிற்கவிடாத மெழுகு, சந்தனத்தையா நிற்கவிடும்?

என் பொட்டு வெயிலில் காய்ந்து, ஓரமெல்லாம் அப்பளம் போல எழும்பியது. சரியாகக் கற்பூரம் காட்டும்போது முழுசாக வழுக்கி நம்பர் பிளேட்டின் மேல் விழுந்தது. கற்பூர வெளிச்சத்தில் சாம்பல் வட்டம். கோவிந்தப்பா, "அய்யய்யோ" என்றார்.

மங்களம் தட்டைக் கீழே வைத்தாள். குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். காக்கை என்று ஆரம்பித்தேன். வகிட்டில் குங்குமம் இருந்தது. அதனால் நெற்றியிலிருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினாள். அச்சு அசல் அதே மெரூன்.

"நான் தொடாமலே கீறல் விழுந்தாச்சு. இனிமே என்ன பயம்? சாவியைக் கொடுங்கோ."

கொடுத்துவிட்டேன்.

1 அக்டோபர்

சாங்கி மேட்டில் வண்டி நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து எனக்குக் கால் வலி.

5 அக்டோபர், திங்கள்

என்னை ஆபீசில் இறக்கிவிட்டு அடுகோடிக்குப் போகிறாளாம். முந்தின தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னேன். ஏனென்று தெரியும் அவளுக்கு.

23 நவம்பர், திங்கள்

எட்டு வாரமாக மெழுகு இல்லை. வண்டி முழுக்க ஓசூர் ரோட்டுச் சேறு. நேற்றைய மழையில் பானெட் பொட்டு விழுந்துவிட்டது. அவள் உள்ளே டிபன் டப்பா கட்டிக்கொண்டிருந்தாள். பீரோக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துப் போய் ஒட்டினேன். ஒட்டுமுன் அந்த இடத்தை மட்டும் துடைத்தேன்.

இன்று ஆபீஸ் வாசலிலேயே இறங்கினேன். செக்‌ஷன் மொத்தமும் ஜன்னலில். டிரைவர் வைத்துவிட்டீர்களா சார் என்று ஒருவன் கேட்டான்.

என் பெண்டாட்டி என்றேன். மேட்டில் கூட நிற்காமல் ஓட்டுவாள், எனக்குத்தான் ஓட்ட வராது என்றேன்.