கூடுதல் வட்டிக்காக நான் சொன்ன ஆமாம்

அனுப்புநர்:
தையல்காரம்மா,
மூன்றாம் மாடி, கடைசிக் கதவு,
தபால் நிலையத்துப் பின்தெரு.
(என் பெயர் இணைத்துள்ள நகல்களில் உள்ளது. அதைச் சொல்லிக் கேட்டால் இந்தக் கட்டடத்தில் எவருக்கும் தெரியாது.)

பெறுநர்:
குறைதீர் அதிகாரி அவர்கள்,
வங்கி, காப்பீட்டுப் புகார்ப் பிரிவு.

பொருள்: டெபாசிட் என்று சொல்லித் தலையில் கட்டப்பட்ட காப்பீட்டை ரத்து செய்து, மூன்று பெண்களின் பணத்தை முதலில் திருப்பித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா (அம்மாவாக இருந்தால் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளவும்),

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த ஐந்திலும் முதல் மார்க். இது புகாருக்குத் தேவையில்லை என்கிறாள் என் மருமகள். புகாரே இதனால்தான் வந்தது என்பதால் எழுதுகிறேன்.

2. தைத்துச் சேர்த்த பணத்தை வங்கியில் போட்டிருந்தேன். ஒரு காலத்தில் நூற்றுக்கு ஒன்பது தந்தார்கள். பிறகு ஏழு, இப்போது ஐந்து. நூல்கண்டின் விலைகூட என் வட்டியை முந்திக்கொண்டு போயிற்று. வெயிலில் மூன்று வங்கிகளுக்கு நடந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே அளவெடுத்துத் தைத்த மாதிரி அதே ஐந்துதான்.

3. எங்கள் கிளையில் டை கட்டிய தம்பி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். “அம்மா, நீங்க விவரமானவங்க, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். இதுவும் டெபாசிட் மாதிரிதான், ஆனா எட்டரை வரும்” என்றார். ‘மாதிரி’ என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. விவரமானவள் கேட்கலாமா? சாயம் போகுமா என்று நனைத்துப் பார்க்காமல் ஒரு முழம் துணி வாங்காதவள், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து அழகாக இருப்பதாகவும் சொன்னார். அது உண்மைதான்.

4. அத்தோடு நின்றிருக்கலாம். படியேறும்போதே தம்பட்டம் அடித்தேன். இஸ்திரிக்காரப் பெண், ஆஸ்பத்திரி ஆயா, விடுதிச் சமையல்காரம்மா மூவரும் “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தங்கள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வார்த்தையை ஒரு வாரம் வைத்து ருசித்தேன்.

5. இப்போது மருமகள் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்து, “அத்தை, இது டெபாசிட் இல்ல, இன்ஷூரன்ஸ். பத்து வருஷத்துக்கு வருஷாவருஷம் கட்டணும். நிறுத்துனா போட்டதுல பாதி போயிடும்” என்கிறாள். இது முதிரும்போது எனக்கு எண்பத்தொன்று. பாட்டிக்கு அப்போது நல்ல காலம் என்று பேரன் சிரிக்கிறான். இஸ்திரிக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வராது. அவள் போட்டது மகளின் நர்ஸ் படிப்புப் பணம். அடுத்த மாதம் கட்ட வேண்டும்.

6. வங்கியில் முறையிட்டோம். “காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஃபோன் செய்து கேட்டபோது நால்வரும் புரிந்தது, சம்மதம் என்று சொல்லியிருக்கிறீர்கள், பதிவு இருக்கிறது” என்று பதில் வந்தது. தம்பி வேறு கிளைக்கு மாறிவிட்டார். அங்கே யார் தையல்காரம்மாவோ.

7. ஐயா, அந்தப் பதிவுகளைப் பற்றித்தான் இந்த மனு. ஃபோன் வரும் என்று தம்பி சொன்ன நாளன்று நால்வரும் என் அறையில் இருந்தோம். எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்லச் சொல்லியிருந்தார். முதலில் எனக்கு வந்தது. சொன்னேன். அடுத்து இஸ்திரிக்காரப் பெண்ணின் ஃபோன் அடித்தது. “எனக்குப் பயமா இருக்கு, நீங்களே பேசுங்கக்கா” என்றாள். வாங்கிப் பேசினேன். அடுத்த இரண்டையும் நானே பேசினேன். நான்கிலும் ஒரே குரல், என்னுடையது. இஸ்திரிக்காரப் பெண்ணின் பதிவில் வயதைக் கேட்டதும் வாய் தவறி எழுபத்தொன்று என்றேன். “முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே?” என்றாள் அந்தப் பக்கம் பேசிய பெண். “ஆமாம், அதுவும்தான்” என்றேன். அதற்கும் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

8. அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ரயில் வேகத்தில் படித்தாள். ஃபோனை வைத்ததும் மூவரும் “என்னக்கா கேட்டாங்க?” என்றார்கள். “எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாங்க” என்றேன். இதை இதுவரை எவரிடமும் சொல்லவில்லை.

9. ஆகவே, பதிவுகளை வரவழைத்துத் தாங்களே கேட்க வேண்டுகிறேன். அந்த மூன்று பெண்களும் எதற்கும் சம்மதம் சொல்லவில்லை என்பது காதுள்ள எவருக்கும் விளங்கும். கல்லூரிக் கட்டண நாளுக்கு முன் அவர்கள் பணம் வர உத்தரவிடுங்கள். என் பதிவில் இருப்பது என் ஆமாம்தான். அதைச் சொல்லிக்கொடுத்த தம்பியை விசாரித்து மெதுவாக முடிவு செய்யுங்கள். குரலை ஒத்துப் பார்க்கக் கூப்பிட்டால் எந்த நாளும் வருகிறேன். இந்த முறை கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறேன்.

நாள்: இம்மாதம் 14
இடம்: என் தையல் மேஜை

இப்படிக்கு,
தையல்காரம்மா

இணைப்பு: நால்வரின் பத்திர நகல்கள், வங்கியின் பதில்.

நகல்: மேற்படி மூவருக்கும். மூவரையும் இன்று மாலை என் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எட்டாவது பத்தி உட்பட நானே சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன்.