சூளைக்குள் போன வெறும் டிராலி

வேப்பூர்
3.2.2025

அன்புள்ள கனகாவுக்கு,

அமுதவள்ளி எழுதுகிறேன். உறையின்மேல் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் அதுவே பெரிது. போன் செய்தால் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுவாய். அதனால்தான் தபால்.

நான் மகனோடு இங்கே ஹைவே ஓரத்து ஹோட்டலில் இருக்கிறேன். முட்டிவலி தவிர வேறு குறையில்லை. நான் கேட்க வந்தது எனக்காக இல்லை. என் மகள் பாரதி விருத்தாசலத்திலேயே வாக்கப்பட்டு, உன் மருமகள் தேவியோடுதான் பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஆம்பளை செய்கிற அதே வேலையைச் செய்கிற பெண்களுக்கு அதே கூலி வேண்டும் என்று பீங்கான் தொழிற்பேட்டையில் இருக்கிற பெண்களையெல்லாம் சேர்க்கப் பார்க்கிறாள். எல்லாம் பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனிகள். ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறாள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "டிராலி ஏத்துனவ மவதான நீ? உன்னெ நம்பி நாங்க எறங்கணுமா?"

நீ ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்கள் நம்புவார்கள். அவளை என் மகளாகப் பார்க்க வேண்டாம். தேவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவளாகப் பார்.

இப்படிக்கு,
அமுதவள்ளி


விருத்தாசலம்
8.2.2025

வேப்பூர் அமுதவள்ளிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். அதைப் பார்த்துக்கொள்ள உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. என்னுடையது அறிவொளியில் படித்த எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? அது ஒரு மாசி மாதம். கூலி உயர்த்தச் சொல்லி நாமெல்லாம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தோம். எத்தனை கம்பெனி இருந்தாலும் சாமானைச் சுடுவதற்கு எல்லோருக்கும் ஒரே பொதுச் சூளை. வாய் வேறு வேறு, வயிறு ஒன்று. சுடாத பச்சைச் சாமானை அடுக்கிய டிராலி இந்தப் பக்கம் உள்ளே போனால்தான் வெந்த டிராலி அந்தப் பக்கம் வெளியே வரும். நாம் ஏற்றாமல் இருந்தால் முதலாளிகள் இறங்கி வருவார்கள் என்று இருந்தோம். நாலாம் நாள் விடியலில் நீ போனாய். பச்சைச் சீலை, மஞ்சள் கரை. இடுப்பில் மூன்று வயசு பாரதி. பீங்கான் பியூஸ் கட்டைகளை டிராலியில் அடுக்கினாய். அந்த ஒரு டிராலி உள்ளே போனதுதான் தாமதம், "அமுதாவே போயிட்டா, நமக்கு என்னா வந்துச்சு" என்று ஆளாளுக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் ஸ்டிரைக் செத்தது.

முன்னால் நின்றவள் நான். அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் என்னை உள்ளே விடவில்லை. அதே சூளையின் கேட்டுக்கு வெளியே இட்லி விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தேன். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று உன் மகளே வந்தாள். "ஆயா, இட்லி இருக்குதா?" என்றாள். இல்லை என்றேன். பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், சிரித்தாள். "சரிங்க ஆயா, நாளைக்கு வரேன்" என்று போய்விட்டாள். தேவி என்னோடு சண்டைக்கு நிற்கிறாள். "அவங்கம்மா செஞ்சதுக்கு அவ என்னா பண்ணுவா அத்தெ? அப்ப அவளுக்கு மூக்கு ஒழுகறதத் தொடைக்கக்கூடத் தெரியாது" என்கிறாள். துடைத்தாளோ விட்டாளோ, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

இனி எழுதாதே.

கனகா


வேப்பூர்
13.2.2025

கனகாவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

ஏன் போனாய் என்று நீ ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. என் அண்ணன் விருத்தகிரி அந்தச் சூளையில் நெருப்புப் பார்த்தவர். உனக்குத் தெரியும். உள்ளே நிற்கிற டிராலிகளைப் பின்னால் வருகிறதுதான் தள்ளிக்கொண்டு போகவேண்டும். முன்பே ஏற்றி வைத்திருந்ததெல்லாம் மூன்று நாளில் தீர்ந்துபோயிற்று. வரிசை நின்றால் நடு நெருப்பில் இருக்கிறது அங்கேயே உருகி ஒட்டிக்கொள்ளும், சூளைச் சுவர் வெடிக்கும். பழி நெருப்புப் பார்த்தவன் தலையில். அண்ணன் வந்து வாசலில் உட்கார்ந்து, "ஜெயிலுக்குப் போறதா, கயித்துல தொங்குறதா, நீயே சொல்லு அமுதா" என்றார். ஏற்றினேன். செய்தது சரி என்று சொல்லவில்லை. அண்ணனும் இப்போது இல்லை.

சீலை நீலம்.

பெண்கள் அரைமனசாகச் சேர்ந்திருக்கிறார்களாம், பாரதி பதினேழாம் தேதி ஸ்டிரைக் ஆரம்பிக்கிறாளாம். எப்படி என்று எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு நடந்தது அவளுக்கும் நடந்தால், அந்தக் கேட்டுக்கு வெளியே உன் பக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் இடம் விடு.

அமுதவள்ளி


விருத்தாசலம்
19.2.2025

அமுதா,

சீலை பச்சைதான். அது கிடக்கட்டும். பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். இந்த ஊரில் சொன்னால் எல்லோரும் "நாங்களும் பாத்தமே" என்கிறார்கள். பார்க்காதவள் நீ ஒருத்திதான்.

திங்கட்கிழமை காலையில் கேட்டில் இருந்தேன். ஸ்டிரைக் என்றால் பெண்கள் வரமாட்டார்கள், இட்லி மீந்துபோகும் என்று பாதி மாவுதான் ஊற்றினேன். பார்த்தால் எல்லோரும் வருகிறார்கள்! நேரத்துக்கு, தலைவாரிப் பூ வைத்து, மாசி மகத்துக்குத் தேர் பார்க்கப் போகிற மாதிரி. பயந்துவிட்டார்கள், கதை முடிந்தது என்று நினைத்தேன். என் வாய் சும்மா இருக்குமா? "என்னாடி, ஆத்தாளப்போலதான் மவளா?" என்று கேட்டேன். பாரதி நின்றாள். முகம் மாறவில்லை. "உள்ள வந்து பாருங்க ஆயா" என்றாள். வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினான். தேவி, "எங்க அத்தெ எனக்குச் சோறு கொண்டாந்திருக்காங்க" என்று கூசாமல் பொய் சொல்லி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சூளை வாயில் டிராலி நின்றது. பெண்கள் அதைத் துடைத்தார்கள். கல்தட்டுகளை எடுத்து ஒவ்வொரு அடுக்காக நிறுத்தினார்கள். வழக்கமாக அதன்மேல் பொம்மை, கப், பியூஸ் கட்டை எல்லாம் உட்காரும். அன்றைக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. சாமானெல்லாம் அந்தந்தக் கம்பெனியில் பலகைமேல் கிடந்தது, ஏற்றுகிற ஆம்பளைகளும் அதைத் தொடவில்லை. நேரம் வந்ததும் சூளைக்காரர்கள் தள்ளினார்கள். கதவு திறந்தது. உள்ளே தூரத்தில் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு வெறும் டிராலி போயிற்று. அடுத்தது வந்தது. அதையும் துடைத்தார்கள், தட்டு நிறுத்தினார்கள், வெறுமனே அனுப்பினார்கள்.

ஒருத்தியும் கோஷம் போடவில்லை. பழமலைநாதர் கோயிலில் சாமி புறப்படும்போதுகூட நம் சனம் இப்படி வாயை மூடிக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை.

சூளையைப் பொறுப்பாகப் பார்க்கிற ஆனந்தராஜ் முதலாளி காரில் வந்து இறங்கினார். "வெறும் வண்டிய எதுக்கும்மா தள்ளுறீங்க? எரியற கேஸுக்குக் காசு யாரு குடுக்கறது?"

"தள்ளாம நிறுத்துனா சூளை வெடிச்சிடும்ங்க சார்" என்றாள் பாரதி. குரல் உயரவே இல்லை. "உங்க சூளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் தள்ளுறோம்."

"அப்ப சாமான ஏத்து."

"ஏத்தறதுக்கு ஆம்பளைக்கு என்னா கூலியோ அதக் குடுங்க சார், ஏத்தறோம்."

அவர் விறுவிறுவென்று காருக்குத் திரும்பினார். சூளையை அணைக்கவும் முடியாது. அணைத்து ஆறவிட்டு மறுபடி பற்றவைத்துச் சூடேற்ற எத்தனை நாளாகும் என்று உனக்குத் தெரியாததா? மத்தியானம் நல்லூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆம்பளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இறங்கியவர்களில் ஒருத்தன் பெண்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "சார், அதோ நிக்கிறது எங்க அக்கா சார். இன்னைக்கு நான் ஏத்துனன்னா பொங்கலுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அது வூட்டுக்குப் போறது?" என்றான். பெண்கள் அப்போதுதான் சிரித்தார்கள். வேன் வந்த வழியே போயிற்று.

இன்னொன்று கேள். ஸ்டிரைக்குக்கு முந்தின நாள் சில பெண்கள் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டலாம் என்றார்களாம். உன் மகள், "கட்டலாம்க்கா. அப்படியே ஒரு காப்பி மொதலாளிக்கும் குடுத்துடுவோம். சாமிக்கு ஊரெல்லாம் வழக்கு இருக்குது, இவருக்கு நம்ம ஒரு வழக்குதான்" என்றாளாம். வாயைப் பார்த்தாயா? உன்னிடமிருந்து வந்த வாய் இல்லை அது. நீ எப்போதும் முனகுவாய்.

நேற்று அந்தப் பக்கக் கதவு வழியாக வெறும் டிராலிகள் வெளியே வர ஆரம்பித்தன. அவ்வளவு நெருப்பையும் கடந்து வந்து, காட்ட ஒன்றுமில்லாமல் வரிசையாக நின்றன. தெருச்சனம் முழுக்க வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. நம் கை படாவிட்டால் அந்தச் சூளை சுடுகிறது வெறும் காற்றைத்தான் என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது நேற்றுத்தான்.

ராத்திரி படுத்தபடி உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஏற்றாமல் இருப்பது. உனக்குத் தெரிந்தது ஏற்றுவது. நடுவில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. உன் அண்ணனும் பிழைத்திருப்பார், ஸ்டிரைக்கும் பிழைத்திருக்கும். உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உன் இடுப்பிலிருந்து மூக்கொழுகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இன்றைக்குச் சாயங்காலம், அரைமனசாக நின்றவர்களில் நாலைந்து பெண்கள் என்னிடம் வந்தார்கள். "நம்பலாமா ஆயா அவள?" என்று கேட்டார்கள். "நாளைக்குக் காலையில மொத இட்லி அவளுக்குத்தான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் எதிர்பார்க்காதே.

கனகா


வேப்பூர்
24.2.2025

கனகா,

படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார முடியவில்லை. லாரிக்காரர் ஒருவர், "என்னா பாட்டி, மீதி குடுக்க மறந்துட்டு அழுவுறீங்க?" என்கிறார்.

பாரதி போனில் "நல்லா இருக்கேம்மா" என்பாள், வைத்துவிடுவாள். கூலி வராத வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். முதலில் அடுப்பு கேட்கும், அப்புறம் புருஷன் கேட்பான். ஒரு மூட்டை அரிசி பஸ்ஸில் போட்டிருக்கிறேன். போராட்டத்தில் இருக்கிற வீடுகளுக்குப் பிரித்துக் கொடு. யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லாதே. தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அமுதா


விருத்தாசலம்
5.3.2025

அமுதா,

அரிசி வந்தது. யார் கொடுத்தது என்று சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். ஒருத்தியும் திருப்பி அனுப்பவில்லை. ஒருத்தி மட்டும் "கல்லு கெடக்குது" என்றாள். எனக்கும் கிடந்தது. அடுத்த தடவை பார்த்து வாங்கு.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஆனந்தராஜ் மற்ற முதலாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். லேபர் ஆபீசரும் இருந்தார். ஒரே வேலைக்கு ஒரே கூலி. ஏற்றுகிறவளுக்கும் பினிஷிங் செய்கிறவளுக்கும் எல்லாக் கம்பெனியிலும் இந்த மாதத்திலிருந்து. யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்பதையும் பாரதி எழுத வைத்துவிட்டாள். அதைச் சொல்லும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கண்ணில் தூசி. கையெழுத்துப் போட்டுவிட்டு ஆனந்தராஜ், "இத்தன நாளு காத்தச் சுட்டேன்மா" என்றார். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம்.

ஒப்பந்தக் காகிதம் எல்லாக் கம்பெனிக்கும் வந்த பிறகுதான், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சாமான் ஏற்றிய முதல் டிராலி உள்ளே போகிறது. யார் ஏற்றுவது என்று பேச்சு வந்தது. எல்லோரும் பாரதி என்றார்கள். அவள் என்னைக் கைகாட்டினாள். நான் உன் பெயரைச் சொன்னேன்.

வயசான பெண்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் அன்றைக்கு உன் பின்னால் ஓடி ஏற்றியவர்கள்தான். உன் பெயர் மட்டும்தான் ஊரில் நின்றது. அதையும் எழுந்து நின்று சொன்னேன். கடைசியில் தேவிதான், "வரட்டும் அத்தெ. இந்த வாட்டி கூலி பேசிட்டுத்தான ஏத்தப் போறாங்க" என்றாள். அப்புறம் சிரிப்பு, கைதட்டல், யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம். பாரதி எழுந்து சூளைப் பக்கம் போய்விட்டாள். திரும்பி வர வெகுநேரமாயிற்று.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. அது வேறு கணக்கு, அதை உட்கார்ந்து பேச நிறைய நாள் வேண்டும். நீ ஒரு பக்கம் நில், நான் ஒரு பக்கம் நிற்கிறேன். பழைய சீலையாகக் கட்டிக்கொள், மண் ஒட்டும். வேப்பூரில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும்.

நீ வராவிட்டால் என் கையும் ஒன்றும் வைக்காது. அந்த ஒரு டிராலி வெறுமனேதான் போகும்.

கனகா