சிறுமலைக்குப் போகும் டிரம்கள்

நவம்பர் 6, வியாழன்

என் மணிபிளான்ட் பாட்டில்களிலிருந்துதான் தெருவில் டெங்கு பரவியது என்கிறார்கள். தவறு. அவற்றுக்கு வாரம் இருமுறை நானே தண்ணீர் மாற்றுகிறேன். காய்ச்சல் முதலில் எரியோடு ஊரில்தான் இருந்தது. அங்கே திருவிழாச் சமையலுக்கு இரவல் போன எங்கள் கோயில் டிரம்கள் திரும்பி வந்து, இங்கே தண்ணீர் நிரப்பிய பிறகுதான் எதிர்வீட்டு ஸ்டெல்லா படுத்தாள். இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

சனிக்கிழமை அதே டிரம்கள் சிறுமலைத் திருவிழாவுக்குப் போகின்றன. அங்கே இதுவரை காய்ச்சல் இல்லை. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவும்படி விழாக் குழு அந்தோணியிடம் இன்று சொன்னேன்.

"காஞ்சு கெடக்குற டிரம்முல எங்கிட்டுப் பெரியம்மா கொசு? நீங்க படிச்ச கான்வென்ட்டுல கொசுப் பாடமும் நடத்துனாங்களோ?" என்று சிரித்தான்.

வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கத்தைத் துடைத்துக் காட்டினேன். கரும்புள்ளிகள். அவை முட்டைகள், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. இப்படி ஏற்றிக்கொண்டு போனால்தான் ஊர் மாறும்.

சிரிப்பை நிறுத்திவிட்டு, "பாப்போம் பெரியம்மா" என்றான்.

அது எனக்குப் போதாது. குழுவுக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். காலைப் பூசைக்குப் போகும்போது கொடுப்பேன். கடைசி வரி இது: தேய்த்துக் கழுவாத ஒரு டிரம்மும் மலையேறாது என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் எனக்கு எழுத்தில் பதில் தரவும்.