உன் போனுக்கு வர்ற ஆறு நம்பர்

என் அருமை அறிவுகெட்ட முரளிக்கு,

திட்டித்தான் ஆரம்பிக்கணும்னு உக்காந்தேன். கை தானா 'அருமை'ன்னு போட்டுருச்சு. அழிக்கல, போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா திட்டு இருக்கு, ஓடிடாத.

நம்ம பேஜ்லதான் இத போடுறேன். ஒலகத்துல இருக்குற மொக்க லாகின் ஸ்கிரீன் எல்லாத்தையும் புடிச்சுப் போட்டு ரெண்டு பேருமா கருக்கா குடுப்போமே, அதே பேஜ். புதுசா படிக்கிறவங்களுக்கு சொல்லிடுறேன்: கருக்கான்னா உள்ள அரிசியே இல்லாத நெல்லு. அஞ்சு கருக்கா வாங்குன சைட்ட காத்துல தூத்தி விட்டுடணும். நீ போயி மூணு மாசமா அங்க ஒரு போஸ்ட்டும் இல்ல. இன்னைக்கு போடுறேன். இந்த வாட்டி அஞ்சு கருக்கா வாங்குறது நீ.

டேய், கொள்முதல் நிலையத்துக்கு நெல்லு கொண்டு போக ஆன்லைன்ல டோக்கன் போடணும்னு வந்தப்ப, நம்ம தெருவுல இருபத்திரண்டு வீட்டுக்கும் நீதான அக்கவுண்ட் தொறந்து குடுத்த? அத்தனைக்கும் உன் நம்பரையே போட்டு வச்சியே, ஏன்டா? "இவங்க மாசத்துக்கு ஒரு சிம்ம மாத்துவாங்க வினோ. ஓடிபி வந்து வயல்ல எறங்கியா தேடும்?"னு கேட்ட. அன்னைக்கு நானும் சிரிச்சேன். ஒரே நம்பர இருபத்திரண்டு பேருக்கு வாய மூடிக்கிட்டு ஏத்துக்கிட்ட அதே சைட்டு, உங்க அம்மா பேர்ல பாஸ்வேர்டு போடுறப்ப மட்டும் பெரிய எழுத்து எங்க, நட்சத்திரம் எங்கன்னு எட்டு வாட்டி தொரத்துச்சு. ஞாபகம் இருக்கா?

அதோட விட்டியா? வீடியோ பாத்துப் பாத்து செக்யூரிட்டி கத்துக்கிட்ட பெரிய ஆளு நீ. உன் போனுக்கு பேட்டர்ன் பூட்டு. பூட்டுன ஸ்கிரீன்ல மெசேஜ் தெரியாம மறைச்சு வச்ச. சிம்முக்குத் தனியா ஒரு பின் வேற. ஒரு தெருவுக்கே ஒரே சாவி, அந்தச் சாவி கெடக்குற பொட்டிக்கு மூணு பூட்டு! போன் அணைஞ்சா பின் கேக்கும். சிம்ம கழட்டி வேற போன்ல போட்டாலும் பின் கேக்கும். பின்னு உன் மண்டையில இருந்துச்சு. மண்டைய நீ எடுத்துட்டுப் போயிட்ட.

ஆஸ்பத்திரியிலேருந்து உன் சட்டையோட சேந்து வந்த போன உங்க அம்மா, என் அத்தை, இன்னும் அணைய விடல. சார்ஜர்லயே கெடக்கு. கரண்டு போனா பவர் பேங்க். ரீசார்ஜ் முடியுற தேதிய காலண்டர்ல சுழிச்சு வச்சிருக்கு. கைய வைக்கப் போனாலே மொறைக்கும்.

பொங்கல் முடிஞ்சு அறுப்பு வந்துச்சு. தெருவோட நெல்லு எல்லாம் ரோட்டோரம் குவியலா கெடக்கு. கெழக்கால மேகம் மூடிக்கிட்டு நிக்குது. நனைஞ்சா ஈரம்னு தள்ளிடுவாங்க, ரெண்டு நாள் விட்டா மொளச்சே போயிடும். டோக்கன் காலையில பத்து மணிக்குத் தொறக்கும், மத்தியானத்துக்குள்ள தீந்துரும். நான் லேப்டாப்போட உங்க வீட்டுல. பக்கத்துல எங்க அப்பா. எதிர்வீட்டு கோவிந்தராசு சித்தப்பா வாசல்ல நின்னு வானத்தையும் என்னையும் மாத்தி மாத்தி பாக்குறாரு.

கேப்சால இருக்குறது சைபரா ஓவான்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது. ரெண்டு வாட்டி தப்பு. மூணாவது வாட்டி ஓடிபி போச்சு. உன் போன் டிங்குன்னுச்சு, ஸ்கிரீன் எரிஞ்சுச்சு. 'உள்ளடக்கம் மறைக்கப்பட்டுள்ளது.'

"என்னா கம்ப்யூட்டர் புள்ள, நம்பரு மடியில வந்து கெடக்கு, எடுக்க முடியலங்குற?"ன்னாரு சித்தப்பா.

"பூட்டு தெரியணும் சித்தப்பா."

"ஒடச்சிட வேண்டியதான?"

"ஒடச்சா நம்பரும் சேந்து போயிடும்."

"அப்ப நான் போயி மேகத்துக்கிட்ட ஓடிபி கேட்டுட்டு வரவா?"

உன் பேரு மொத எழுத்த ஸ்கிரீன்ல கிழிச்சுப் பாத்தேன். என் பேருதும் போட்டேன், சிரிக்காத. அஞ்சு வாட்டி தப்பாகி, முப்பது செகண்டு காத்திருன்னுச்சு போன். அதுக்குள்ள சைட்டு 'நேரம் முடிந்தது'ன்னு வெளிய தள்ளிருச்சு. மறுபடியும் பயனர் பேரு, பாஸ்வேர்டு, கேப்சா. அப்பா மெதுவா "நம்மள்து போனா போவுது, மத்தவங்களுக்கு என்னம்மா பதில் சொல்றது?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுக வந்துருச்சுடா.

அப்பதான் அத்தை அடுப்பங்கரையிலேருந்து வந்துச்சு. ஈரக்கைய முந்தானையில தொடச்சுச்சு. "தள்ளுடி"ன்னு போன வாங்கி, கட்டவெரலால ஒரே இழுப்பு. மேலேருந்து கீழ, குறுக்க ஒரு வெட்டு, திரும்ப மேல. தொறந்துருச்சு!

"அத்தை! உனக்கெப்டி தெரியும்?"

"சோறு போடுறப்பல்லாம் எடது கையால இதத்தான கிழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்."

"ஏன் அத்தை சொல்லல?"

"கேட்டீங்களாடி? நீங்களே பேசிக்கிட்டீங்க, நீங்களே தலையில கைய வச்சுக்கிட்டீங்க." அப்புறம் கொரலு எறங்கிருச்சு. "தெனம் தொறந்து அவன் போட்டோவப் பாக்குறேன். சொன்னா போன வாங்கிட்டுப் போயிடுவீங்கன்னு இருந்தேன்."

அத்தைக்கு எழுத்து தெரியாது, நம்பரு தெரியும். "எட்டு, சைபர், மூணு..." அது படிக்கப் படிக்க நான் அடிச்சேன். இருபத்திரண்டு வீட்டுக்கும் டோக்கன் விழுந்துச்சு. சாயங்காலம் மழ வந்துச்சு, தார்ப்பாய்க்கு மேல. ரெண்டு நாள் காய வச்சோம், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க. உன் மூணு பூட்டையும் ஒடச்ச ஒரே ஹேக்கர் உங்க அம்மாடா. நீ பாக்காமப் போயிட்டியே.

அப்புறம் ஒரு வாரமா ஒக்காந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்கவங்க நம்பர மாத்துனேன். மாத்துறதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வரும். தெனம் மூணு நாலு வாட்டி உன் போன் டிங்குன்னும், அத்தை ஓடி வந்து படிக்கும். கடைசியா சித்தப்பாவுது. ஆறையும் படிச்சு முடிச்சுட்டு, போன கையிலயே வச்சுக்கிட்டு கேட்டுச்சு, "இனிமே இது சத்தம் போடாதாடி?"

"விளம்பரம் வரும் அத்தை."

"அது எவனுக்கு வேணும்?"

என்னா பதில் சொல்லுவ நீ? செக்யூரிட்டி, எல்லாருக்கும் அவங்கவங்க நம்பரு, நான் பண்ணது கரெக்டுதான். கரெக்டா பண்ணிட்டு வீட்டுக்குப் போயி சாப்புடவே முடியலடா எனக்கு.

அதனால ஒரு கூத்து பண்ணிருக்கேன். நம்ம பேஜ் லாகினுக்கு ரெண்டாவது பூட்டா உன் நம்பரப் போட்டுட்டேன். ஒவ்வொரு வாட்டி உள்ள நொழையுறப்பவும் ஆறு நம்பர் அத்தைக்கிட்டதான் வரும். இத போடுறதுக்கும் இப்பதான் கூப்புட்டேன். மொத ரிங்லயே எடுத்துருச்சு.

"என்னாடி எழுதிருக்க அவனுக்கு?"

"திட்டித்தான் அத்தை."

"நல்லா திட்டு. ஒண்ணு, ஏழு, ஏழு..."

தெரியும், இந்த ஏற்பாட்டுக்கு நீ எனக்கு அஞ்சு கருக்கா குடுப்ப. குடுத்துக்க. வாரம் தவறாம ஒரு மொக்க லாகின் போடுவேன். போட்டு முடிச்சதும், மறக்காம லாக் அவுட் பண்ணிட்டுத்தான் எந்திரிப்பேன். சத்தியம்.

உன் மாமா பொண்ணு,
வினோ