வாப்பாவின் மோட்டார் சைக்கிள் திருச்சிக்கு வருகிறது

கல்முனைக்குடி
28.8.1980

அல்லாஹ்வின் பேரால் தொடங்குகிறேன். அன்பு மகன் ஜவுபருக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் றஹ்மத்தால் நாங்கள் எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனதுக்கு மட்டும் சுகமில்லை, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. நீ திருச்சியில் நலமாக இருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். பெருநாளுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு கடிதம், அதுவும் ஒரு கடிதமா, நாலு வரி. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் உம்மு ஹபீபாவுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்களாம், இனி எனக்காக யாரும் எந்த வாசலுக்கும் போக வேண்டாம் என்று எழுதிவிட்டு, ஸலாம் கூடப் போடாமல் கையெழுத்து வைத்திருக்கிறாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் கோபத்தில் இருக்கிற பிள்ளை சாப்பிடுகிறதா இல்லையா என்று தெரியாமல் தவிக்கிற உம்மாவுக்கு நாலு வரி போதாது மகன்.

இங்கே வீடு வீடாக இல்லை. குசினிக்குள் போனால் அம்மிக்குப் பக்கத்தில் ஸ்பானர் கிடக்கிறது, நான் மா இடிக்கிற உலக்கையை எடுத்து எதற்கோ முட்டுக் கொடுத்திருக்கிறார், தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எது என்ஜின் எண்ணெய்ப் போத்தல் எது என்று மோந்து பார்த்துத்தான் கறிக்கு ஊற்ற வேண்டியிருக்கிறது. எல்லாம் உன் வாப்பாவின் வேலை. உன் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து அந்த மனிதரால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. வயல் வட்டைக்குப் போவார், போன சுருக்கிலேயே திரும்பி வருவார், சோற்றில் கை வைப்பார், எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளைத் துடைப்பார். அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இஞ்ச புள்ள, நான் திருச்சிக்குப் போறன், இதிலதான் போறன் என்றார். சூறாவளியில் தென்னை விழுந்து டாங்க் நெளிந்த ஹொண்டா அது, நினைவிருக்கிறதா, சம்மாந்துறைக்குப் போய் வந்தாலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கடல் குறுக்கே கிடக்குதே, அதைத் துடைச்சு வச்சிரிக்கீங்களா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. மகள் றஹீமாவின் பழைய பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து விரித்து, இந்தா கல்முனை, இந்தா திருச்சி, ஒரு சாண் கூட இல்ல, கடல் நகத்தளவுதான் என்று காட்டினார். அட்லஸில் சாண் என்றால் ரோட்டிலும் சாண்தானா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

பஸ்ஸும் ரயிலும் இல்லாமலா போய்விட்டது என்று றஹீமாவின் புருஷன், உன் மச்சான் அதாவுல்லாவும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அதற்கு உன் வாப்பா சொன்னதைக் கேள். ரயில்ல போய் இறங்கினா விருந்தாளி, தூசி படிஞ்ச மூஞ்சியோட போய் நிண்டாத்தான் மன்னிப்புக் கேக்க வந்தவன் எண்டு அந்தப் புள்ளைட வாப்பாவுக்கு விளங்கும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழும்பி உள்ளே போய்விட்டேன்.

உன் மாமா மர்சூக்கைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. என் கூடப் பிறந்த தம்பிதான், ஆனாலும் அவனை நினைத்தால் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. சாறன் வியாபாரத்துக்கு நூல் வாங்க இந்தியாவுக்கு எத்தனை தரம் போய் வந்தவன், ஊர் உலகம் தெரிந்தவன் என்று நம்பித்தானே பெண் கேட்கிற பொறுப்பை அவனிடம் கொடுத்தோம். தாய்மாமன் செய்ய வேண்டிய கடமையை அவன் ஒரு குறையும் இல்லாமல் செய்தான், அதுதான் பிழையாகிப் போனது. தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் எழும்பி அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். சுவரைத் தட்டியிருக்கிறான், கிணற்றை எட்டிப் பார்த்துத் தண்ணீர் உப்பா என்று கேட்டிருக்கிறான், இந்த வீடுதான் பிள்ளைக்கா அல்லது வேறு வீடு கட்டுகிறீர்களா, உறுதிப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்றெல்லாம் விசாரித்திருக்கிறான். நம் ஊரில் இதைக் கேட்காமல் வந்தால்தான் தாய்மாமனை ஏசுவார்கள். பெண் பிறந்த அன்றைக்கே வீட்டுக்குக் கல் சேர்க்கத் தொடங்குகிற ஊர் இது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்த்தான் வாழ்கிறான். அந்தப் பக்கத்தில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள் என்று அவனுக்கு யார் சொன்னது? எனக்கும்தான் யார் சொன்னது? அவர்களுடைய மாடி அறையில் இவ்வளவு காலம் வாடகைக்கு இருந்து படித்த நீயாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். நீ எழுதினதெல்லாம் அந்தப் பிள்ளையின் பெயரைத்தான், அந்தப் பெயர் வருகிற இடத்தில் மட்டும் உன் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

உம்மு ஹபீபாவின் தகப்பன், அந்த தாவூது ராவுத்தர், பொறுமையான மனிதர்தான். மர்சூக் கிணற்றடியிலிருந்து திரும்பி வரும்வரை பொறுத்திருந்துவிட்டு, பொண்ணு கேட்டு வந்தீங்களா, வீட்டை விலை பேச வந்தீங்களா என்றாராம். பிறகு கோபத்தை அடக்கிக்கொண்டு, சரிங்க, உங்க ஊர்ல என் மகளை எந்த வீட்ல கொண்டு போய் வச்சுக்குவீங்க என்றும் கேட்டாராம். அதற்கு உன் மாமா சிரித்திருக்கிறான். சிரித்துவிட்டு, ஆம்பிளைக்கு எங்கட ஊர்ல வீடேது என்றானாம். இதை அவனே வந்து எங்களிடம் சொன்னான், தான் சொன்னதில் என்ன பிழை என்று இன்றைக்கும் அவனுக்கு விளங்கவில்லை. நல்ல மனிசர்தான் ராத்தா, ஆனா வீட்டுக் கதை எடுத்தா மூஞ்சி கறுக்குது என்கிறான். வீட்டு மேல் கண் வைத்தவர்கள் என்றும், சொந்தமாக ஒரு கூரைகூட இல்லாதவர்கள் என்றும் இரண்டு கெட்ட பேரை ஒரே நாளில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். உன்னை அந்த மாடி அறையை விட்டுப் போகச் சொன்னார்கள் என்றால் அதில் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வாப்பாவின் பயணத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பு, பொலன்னறுவை, அநுராதபுரம், மன்னார், பிறகு தலைமன்னார் துறை, இப்படித்தான் வழியாம். மோட்டார் சைக்கிளுக்கும் பாஸ்போட் மாதிரி ஒரு கடதாசி வேண்டுமாம், அது இல்லாவிட்டால் இந்தியச் சுங்கத்தில் இறக்க விட மாட்டார்களாம், அதற்காகக் கொழும்புக்குப் போய் அலைந்து எடுத்து வந்துவிட்டார். கப்பலில் அதைக் கயிறு கட்டி கிரேனில் தூக்கி வைப்பார்களாம், இராமேஸ்வரத்தில் இறக்கினால் அங்கேயிருந்து கரைக்கு ரோட்டுப் பாலம் கிடையாதாம், ரயில் பெட்டியில் ஏற்றித்தான் மண்டபத்துக்குக் கொண்டு போக வேண்டுமாம். இதையெல்லாம் பெருநாள் சாப்பாட்டை விவரிப்பதுபோல ஆசையாகச் சொல்கிறார். எனக்கோ ஊரார் சொல்வதுதான் காதில் விழுகிறது. பொலன்னறுவைக் காட்டில் யானை ரோட்டில் நிற்கும் என்கிறார்கள், மன்னார் ரோட்டில் டயர் வெடித்தால் கேட்க ஆளில்லை என்கிறார்கள், இவருக்கோ சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். பொறுத்துப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாரி தொடங்கினால் கப்பல் நின்றுவிடும், அதற்குள் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்துவிடும். பக்கத்து வயல் போடியார் வேலப்போடி வீரமுனையிலிருந்து வந்திருந்தார், வயலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். புத்தி சொல்லித் தடுப்பார் என்று நான் நம்பியிருக்க, அவர் ஒரு வெறும் போத்தலை நீட்டி, இராமேஸ்வரத்தில தீர்த்தம் கொஞ்சம் எடுத்து வாங்க மீராமுகைதீன், மறந்திராதீங்க என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஊரே சேர்ந்து இந்த மனிதரை வழியனுப்புகிறது.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் போய் நிற்காதே. நீ அங்கே நிற்பது உனக்கு ஆறுதல், அந்தப் பிள்ளைக்கு அவமானம். கூட்டாளிமார் மூலம் தூது அனுப்பாதே. ராவுத்தரை வழியில் கண்டால் ஸலாம் சொல், அவர் பதில் சொன்னாலும் முணுமுணுத்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடு. பரீட்சைக்குப் படி, படிக்காத மாப்பிள்ளைக்கு நான் போய் வாதாட முடியாது. தலைக்கு எண்ணெய் வை. ஹோட்டல் சோற்றில் புளி அதிகம், உன் வயிற்றுக்கு ஆகாது, மோர் வாங்கிக் குடி.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து வாப்பா செயினுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். திடீரென்று கையை நிறுத்திவிட்டு, எல்லாம் சரி மைமூனா, நான் போய் அந்த மனிசன்ட கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்ட பிறகு, அவர் திரும்பவும் அதே கேள்வியக் கேட்டா நான் என்ன சொல்ற, எந்த வீட்டுக்கு எண்டு சொல்ற என்றார். எனக்குக் கத்தி ஓடவில்லை. அவருக்கு என்ன இருக்கிறது சொல்ல? பெரிய வீட்டை றஹீமாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். பின் வளவில் நாங்கள் இருக்கிற இந்தச் சின்ன வீடு என் பேரில் இருக்கிறது. வயல் மட்டும்தான் அவருடையது, வயலில் மருமகளைக் குடிவைக்க முடியுமா? இத்தனை நாளும் இந்த மனிதர் ஓடி ஓடித் துடைத்ததும் கழற்றினதும் பூட்டினதும் அந்தக் கேள்வியைக் காணாமல் இருக்கத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு நான் இருந்த இருப்பைக் கேட்காதே. அவருடைய வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. கூட்டின முற்றத்தையே திரும்பக் கூட்டினேன், உப்புப் போட்ட கறிக்கே திரும்ப உப்புப் போட்டேன். பிறகு றஹீமாவிடம் போய், என் பேரில் இருக்கிற இந்த வீட்டைப் பற்றி நான் நினைத்ததைச் சொன்னேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது, பொய் சொல்லக் கூடாது, இந்தச் சின்ன வீடு தன் மகள் ஜெமீலாவுக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு முழுக்க இந்தப் பக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் தன்னுடைய நல்ல சால்வையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, ஓம் உம்மா, காத்துக்குத் தலையில இறுக்கிக் கட்டுங்க என்றாள். அவளை நீ சண்டைக்காரி என்று சொல்வாய், இனிச் சொல்லாதே.

ஆமாம், நானும் வருகிறேன். ஹஜ்ஜுக்கென்று எடுத்த பாஸ்போட் பெட்டிக்குள் இருக்கிறது, இன்னும் அந்த பாக்கியம் கிடைக்கவில்லை, முதலில் ராவுத்தர் வீடு இருக்கிற பாலக்கரைக்குப் போய் வருகிறேன், அல்லாஹ் கோபிக்க மாட்டான். வாப்பாவிடம் சொன்னபோது தடுப்பார் என்று பார்த்தேன். அவரோ பின் ஆசனத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனார், பஞ்சை இரட்டிப்பாக வைத்துத் தைத்துக் கொண்டுவந்து பூட்டி, ஏறிப் பார் என்றார். ஏறிப் பார்த்தேன். இந்த வயதில் வளவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினோம், ஜெமீலா கைகொட்டிச் சிரித்தாள், எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. திங்கட்கிழமை கண்டிக்குப் போய் விசா எடுக்கிறோம். கிடைத்ததும் புறப்படுகிறோம்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் குளித்து, நல்ல சட்டை உடுத்து, ராவுத்தரின் வாசலுக்கு ஒரே ஒரு தரம் போ, உள்ளே ஏறாதே. என் வாப்பாவும் உம்மாவும் ரோட்டால் வருகிறார்கள், அவர்கள் வந்து சேரும்வரை வேறு யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடு. வீட்டுக் கதையை நீ எடுக்காதே. அதை அந்தப் பிள்ளையின் தாயிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மகனுக்கு வீடு கொடுக்கிற வழக்கம் இல்லை, மகளுக்குத்தான் கொடுப்போம், அதனால் என் வீட்டை உங்கள் மகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லப் போகிறேன். அவள் வந்து குடியிருப்பது அவளுடைய சொந்த வீட்டில். நீதான் நம் ஊர் முறைப்படி அவள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறாய், அவளோடு கோபித்துக்கொண்டால் உனக்குப் படுக்க இடமில்லை, அதை இப்போதே தெரிந்துகொள்.

அல்லாஹ் உன் கல்பை அமைதியாக்கட்டும், உன் படிப்பிலும் உன் நாட்டத்திலும் பறக்கத்தைத் தரட்டும், எங்களையும் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். றஹீமாவும் மச்சானும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். மர்சூக்கும் சொன்னான், எங்களோடு தானும் வரவா என்று கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டை எழுதிக் கொடுத்தால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று நீ கேட்பாய், உன் வாப்பாவும் கேட்டார். அந்தப் பிள்ளை தன் வீட்டில் எங்களுக்கு ஒரு அறை தருவாளா மாட்டாளா என்று எனக்கு இன்னும் தெரியாது மகன், அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் கடலைத் தாண்டி வருகிறேன்.

என்றும் உனக்காகக் கையேந்தும் உன் உம்மா,
மீ. மைமூனா