பதினாலா பதினாறா

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது இவர் எதற்குக் காகிதத்தைத் தேடினார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா உடனே ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், அப்புறம் மாடி வீட்டுக்காரர் வரைக்கும் நம் கதை கேட்கும். இது நீ மட்டும் படிக்க வேண்டியது, படித்துவிட்டுச் சிரித்தாலும் அங்கேயே சிரித்துக்கொள்.

உன் தங்கைக்கு இன்ஜினியரிங் வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது, லேப்டாப் வேண்டும் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரிவதற்கு முன்பே உனக்குத் தெரியும், அதுதான் என் முதல் வயிற்றெரிச்சல். போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடைக்கு அழைத்துப் போனது என்னவோ நான்தான். அங்கே வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள், ஒன்றின் மேல் பதினாறு அங்குலம் என்று அட்டை ஒட்டியிருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துத் திரையின் அகலத்தில் வைத்தால் பதிமூன்றரைதான் வருகிறது. விடுவேனா, மீதி இரண்டரை அங்குலம் எங்கே போச்சு, நான் இப்படிப் பலகை அறுத்துக் கொடுத்தால் சும்மா விடுவீர்களா என்று விற்பனைக்கு நின்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். அவள் பொறுமையாக, சார், திரையை மூலைக்கு மூலைதான் அளப்பாங்க என்றாள். சாய்த்து வைத்துப் பார்த்தேன், பதினாறு சரியாக வந்தது. கதவு நிலை கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க நானும் தினமும் மூலைக்கு மூலை டேப் பிடிக்கிறவன்தான், அதற்காக ஒரு கதவை யாராவது மூலைக்கு மூலை அளந்து விற்பார்களா, நீயே சொல். அதற்குள் உன் தங்கை உன்னை வீடியோவில் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். நீ சிரித்தாய். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பளபளவென்று இருந்த ஒரு திரையில் என் முகம் எனக்கே தெரிந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

நான் பதினாறே வாங்கிவிடலாம், இயந்திரப் படமெல்லாம் வரையப் போகிறவள், சின்னத் திரையை உற்று உற்றுப் பார்த்தால் கண் என்னத்துக்கு ஆகும் என்றேன். இருங்கப்பா, அண்ணன் சொல்லட்டும் என்று கையை நீட்டி என்னை நிறுத்தினாள். நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பதினாலு போதும்னு தோணுது, கண்ணாடி மாதிரி பளபளக்காத திரையா பாரு, படம் வரையப் பெருசா வேணும்னா வீட்டுல ஒரு மானிட்டரை மாட்டிக்கலாம், எதுக்கும் இங்க ரெண்டு பேரை விசாரிச்சு மாசக் கடைசியில முடிவா சொல்றேன், அதுவரைக்கும் வாங்காத என்றாய். சரிண்ணா, சரிண்ணா என்றாள். அவ்வளவுதான், நாங்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினோம், என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்குப் பதில் போனை மட்டும் கொண்டுபோயிருக்கலாம்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு உன் மேல் பொறாமை. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுகிற அப்பனை நீ பார்த்திருக்க மாட்டாய், இப்போது பார்த்துக்கொள். உன் அம்மா எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது என்று உன்னைத்தான் கேட்கிறாள். வாஷிங் மெஷின் சத்தம் போட்டால் போனை அதன் பக்கத்தில் வைத்து உனக்குக் கேட்க வைக்கிறாள், நான் ஸ்பானரும் கையுமாக அங்கேயே நிற்கிறேன். பட்டறையில் நான் தலையாட்டாமல் ஒரு பலகை மேல் வாள் வைக்க மாட்டார்கள். வீட்டில் நான் தலையாட்டுவதும் மின்விசிறி சுற்றுவதும் ஒன்றுதான், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நீ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ம் என்றால் போதும், வீடே நகர்கிறது. பிள்ளை பெரிய ஆளாகிவிட்டான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், சொல்லி முடித்த கையோடு உள்ளே சுருக்கென்று குத்துகிறது.

நீ சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு வேலை செய்தேன். கடையில் கொடுத்த அட்டைகளைப் பார்த்து, பதினாறு, பதினாலு என்ற அந்த இரண்டு லேப்டாப்பின் நீள அகலத்துக்கு இரண்டு ப்ளைவுட் துண்டு அறுத்து, எடையும் பொருந்த வேண்டும் என்று அடியில் ஆணிப் பொட்டலம் வைத்து ஒட்டினேன். பட்டறையில் என்ன மேஸ்திரி இது என்றார்கள், லேப்டாப் என்றேன். பெரியதை உன் தங்கையின் பையில் போட்டுக்கொண்டு அவள் காலேஜுக்குப் போகப்போகும் அதே பஸ்ஸில் ஏறினேன். ஜிப் பாதிக்கு மேல் வரவில்லை, தோள் ஒரு பக்கமாக இழுத்தது. உட்கார இடம் கிடைத்து மடியில் எடுத்து வைத்தால் அதன் மூலை பக்கத்தில் இருந்தவர் விலாவில் இடித்தது, பலகையா என்று கேட்டார், லேப்டாப் என்றேன், எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். மறுநாள் சின்னதைக் கொண்டுபோனேன். மடியில் சொன்னபடி கேட்டு உட்கார்ந்தது, முழங்கை யார் மேலும் படவில்லை, இறங்கும்போது பையில் அது இருப்பதே தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் இரண்டு நாள் பஸ்ஸில் அலைந்து கண்டுபிடித்ததை நீ ஒரு நிமிஷத்தில் போனில் சொல்லிவிட்டாய். ஒரே ஒரு தடவை நீ தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

மானிட்டர் விஷயமும் நீ சொன்னதே சரி. அதை வைக்க மேசை வேண்டுமே, அதை நான் செய்கிறேன், அதன் உயரத்தைப் பற்றி மட்டும் தயவு செய்து நீ வாய் திறக்காதே. நீயும் லேப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்தபடி பார்க்காதே, முதுகு போய்விடும். வேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதுகிறேனே தவிர, நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், நீண்ட ஆயுளோடு சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாசக் கடைசியில் உன் தங்கை கூப்பிட்டு என்னண்ணா முடிவு பண்ணின என்று கேட்பாள். அப்பா ரெண்டையும் பாத்து வச்சிருக்காரு, அவர்கிட்டயே கேளு என்று சொல், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அவள் என்னிடம் வந்து நிற்பாள். நான் கொஞ்ச நேரம் யோசிப்பது போல இருந்துவிட்டு, பதினாலு வாங்கும்மா என்பேன். எப்படியும் வீட்டுக்கு வரப்போவது நீ சொன்னதுதான், அது ஒரு தடவை என் வாயால் வரட்டும்.

இப்படிக்கு,
அவள் வந்து கேட்பதற்காகக் காத்திருக்கும்
உன் அப்பா