ஒரு பலகைக்கு இரண்டு பேர்

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உன் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடுகிறது. கடிதத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

முதலில் செய்தி. நாங்கள் வெளிநாடு கிளம்புகிறோம், அதுவும் நீ இருக்கும் நாட்டுக்கே! பத்தொன்பது நாள், மூன்று ஊர், மூன்று பொம்மை ரயில் கண்காட்சி. பொம்மை என்று எழுதியது அப்பாவுக்குத் தெரிந்தால் கோபம் வரும், மாதிரி ரயில் என்றுதான் சொல்லவேண்டும். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு, "மேலேயும் கீழேயும் போனது போதும், இனிமே பக்கவாட்டுல போகணும்" என்கிறார்.

சாப்பாட்டு மேஜை போன மாதமே அவர் கைக்குப் போய்விட்டது. நான்கு காகிதங்களை ஒட்டிப் பயணத் திட்டம் போட்டிருக்கிறார். எந்த ரயிலில் ஏறுவது, எங்கே மாறுவது, நடைமேடை மாற எத்தனை நிமிடம், என் முழங்கால் வலிக்குக் கூடுதலாக எத்தனை நிமிடம் என்று எல்லாம் கலர் பென்சிலில் இருக்கிறது. முதல் கண்காட்சி துறைமுக ஊரில், அடுத்தது ஏரிக்கரை ஊரில். மூன்றாவது நடக்கும் ஊர், உன் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நான்கு நாள் கட்டம் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். அந்த நாட்களில் இணைப்பு ரயில் சரியாக இல்லையாம். எனக்குக் கால அட்டவணை பார்க்கத் தெரியாது என்ற நினைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கப் பொடி எழுத்து படிப்பவள் நான், எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒன்பது ரயில் இருக்கிறது. எல்லாம் உன் ஊர் வழியாகத்தான் போகிறது.

மூன்றாவது கண்காட்சியைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் ஆளுக்கொரு பலகை கொண்டுவருவார்களாம். ஒவ்வொரு பலகையிலும் ஒரு துண்டுத் தண்டவாளமும் சுற்றிலும் ஒரு சின்ன ஊரும் இருக்கும். நூற்று நாற்பது பலகைகளை வரிசையாகக் கோத்துப் பெரிய வளையமாக்கி, ஒரே ரயிலை எல்லாவற்றின் மேலும் ஓட விடுவார்களாம். முன்பின் பார்க்காத மனிதர்கள், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது, ஆனாலும் ரயில் நிற்காமல் போகிறது! தரையிலிருந்து உயரம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். லிஃப்டின் தரையையும் மாடியின் தரையையும் மயிரிழை தப்பாமல் சேர்த்த கைக்கு அது ஒரு வேலையா?

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு பலகைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரயிலை ஓட்டுவார். ரயிலை அனுப்பும் முன் பக்கத்துப் பலகைக்காரர் மணி அடித்து, அனுப்பட்டுமா என்று கேட்பார். இந்தப் பலகையின் இரண்டாவது ஆள் பதில் மணி அடிக்கவேண்டும். பதில் வராமல் எந்த ரயிலும் நகராது.

அப்பா தன் பலகையை எட்டு மாதமாக உன் பழைய அறையில் பூட்டி வைத்துத்தான் செய்தார். போன ஞாயிறு மத்தியானம்தான் என்னை உள்ளே கூப்பிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டார். என்ன சொல்வது கண்ணு, கடையிலிருந்து எடுத்துப் போயிருந்த பூதக்கண்ணாடி என் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு முழு ரயில் நிலையம்! மிளகு அளவு கடிகாரத்தில் இரண்டு முள் தெரிகிறது. படிக்கட்டின் கைப்பிடியில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. நடைமேடை ஓரத்து மரத்தில் ஒவ்வொரு இலையும் தனித்தனி. ஓரத்து பெஞ்சில் ஒரு சட்டம் உடைந்திருப்பதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. குடிபோன புதிதில் உன் ஜன்னலிலிருந்து எடுத்து எனக்கு அனுப்பினாயே ஒரு படம், அதே நிலையம். மணி பார்க்கவேண்டும் என்று என் போனை வாங்கிக்கொண்டு போனவர், அதைத்தான் பார்த்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

நடைமேடையில் விரல் நகம் உயரத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் நீலச் சீருடையில், கையில் கருவிப் பெட்டி. பக்கத்தில் பச்சைக் கைப்பையோடு ஒரு குண்டம்மா. நான் அவ்வளவு குண்டில்லை, சொல்லியும் விட்டேன். இரண்டு பேரும் ரயிலைப் பார்க்கவில்லை. உன் ஜன்னல் இருக்கும் பக்கம் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

அதில்தான் வந்தது வம்பு. நிலையத்தின் முகம் பார்வையாளர்கள் பக்கம் இருக்கவேண்டும் என்பது விதி. இவர் படத்தில் உள்ளபடியே செய்துவிட்டார், முகம் வளையத்துக்கு உள்பக்கம் திரும்பிவிட்டது. கூட்டத்துக்கு முதுகுதான் தெரியும். கண்காட்சிக்காரர்கள் திருப்பி வைக்க முடியுமா என்று எழுதிக் கேட்டபோது ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள், அப்படியே இருக்கட்டும், திருப்ப மாட்டேன் என்று பதில் எழுதிவிட்டார். உள்ளே நின்று பதில் மணி அடிக்கிறவர் கண்ணுக்கு மட்டும் அது சரியாகத் தெரியுமாம்.

அந்த ஆள் நான்தான் என்று நினைத்து, கண்காட்சிக்காரர்கள் அனுப்பிய படிவத்தில் கையெழுத்துப் போடப் போனேன். எனக்கு மணிச் சத்தம் சரியாகக் கேட்காது என்று சொல்லிப் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டார். என் காதுக்கு என்ன கேடு! நேற்று திருகாணி டப்பாவுக்கு அடியில் அது கிடைத்தது. இரண்டாவது நபர் என்ற இடத்தில், மகள் என்று எழுதியிருக்கிறார்.

உன் கல்யாணத்துக்கு வராமல், ஏழாவது மாடியில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்றாரே, அன்று எந்த லிஃப்டும் மாட்டவில்லை. அது உனக்கும் தெரியும். மொட்டை மாடி மோட்டார் அறையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார், கொண்டுபோன டிபனைத் திறக்கவே இல்லை. இது உனக்குத் தெரியாது. அவர் செய்தது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு வருடமாக நீ அவரோடு பேசாததையும் குற்றம் சொல்ல மாட்டேன். "மன்னிச்சிடு" என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வராது. எட்டு மாதம் உட்கார்ந்து மரமும் பெஞ்சும் செய்யத்தான் வரும்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதிக்குள் அவர்களுக்குப் போய்ச் சேரவேண்டும். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் பலகையை வளையத்தில் சேர்க்க மாட்டார்கள். உனக்கு மனமில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடு, நான் எடுத்து அனுப்பியது அவருக்குத் தெரியவேண்டாம். மனமிருந்தால் நீ உள்ளே நின்று பார். நான் கூட்டத்தோடு வெளியே நின்றுகொள்கிறேன், எனக்கு முதுகு தெரிந்தால் போதும்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும்.

என்றும் உன்,
அம்மா

பி.கு: கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதை நான் போடவில்லை.